அல்மாத்திக்கு ஐநூறு தடவை

ஒத்திகை அறிக்கை வாசிப்பில் இருந்தவர்கள்:

பயணி, அ. பூங்கோதை, வயது நாற்பத்தாறு, தனியாகச் செல்பவர்.
முதல் பொறுப்பாளர், அ. செங்குட்டுவன், வயது நாற்பத்திரண்டு, பயணியின் தம்பி.
இரண்டாம் பொறுப்பாளர், ரெஜினா மேரி, வயது நாற்பத்தேழு, பயணியுடன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்.
வாசிப்பாளர், பாக்கியநாதன்.
வேறு யாரும் இல்லை.

கடைசி வரியையும் எழுதியாக வேண்டும், விதி அப்படி. எழுதி முடித்துவிட்டுப் பாக்கியநாதன் பேனாவை மூடினார். ஆறு வருடமாக இதே மேசை, இதே வரி. திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கே அவருக்குக் கண் எரிந்தது. வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வரப்போவதில்லை என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செங்குட்டுவன் உட்கார்ந்ததிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு பேரா போனா இந்த ஒத்திகை கெடையாது. தனியா போனா மட்டும் எதுக்கு?"

"ரெண்டு பேரா போனா ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தர் போன் பண்ணிடுவாங்க" என்றார் பாக்கியநாதன். "தனியா போறவங்களுக்கு யாரு பண்ணுவா? இன்சூரன்ஸ்காரனுக்கு அந்தப் பயம். அதனால மெஷினை முன்னாடியே அனுப்பிப் பாத்துக்கறான்."

"மெஷினு கஜக் நாட்டுல இருக்கற அல்மாத்திக்கே போச்சா?"

"போன வாரம் அக்கா இங்க ரெண்டு மணி நேரம் நாற்காலியில உக்காந்தாங்கல்ல? அவங்க ஞாபகம், பழக்கம், பயம் எல்லாத்தையும் ஜெராக்ஸ் மாதிரி ஒரு படி எடுத்துக்கிச்சு. போன்ல இருந்ததையும் எடுத்துக்கிச்சு. வீட்டு ஆளுங்க யாருன்னு குடும்ப அட்டையில பாத்துக்கிச்சு. அந்தப் படியை உள்ளுக்குள்ளயே இருக்கற ஒரு அல்மாத்திக்கு அனுப்பும். ஐநூறு தடவை. ஒவ்வொரு தடவையும் வேற மழை, வேற டாக்சிக்காரன்."

"அந்தப் படிக்குத் தான் படின்னு தெரியுமா?"

"தெரிஞ்சா அப்புறம் அது என்ன ஒத்திகை?"

ரெஜினா பூங்கோதையின் தொடையில் தட்டினாள். "ஐநூறு தடவை போயிட்டு வந்திருக்க. எனக்கு ஒரு சாக்லேட்டு வாங்கிட்டு வரணும்னு தோணுச்சாடி உனக்கு?"

பூங்கோதை சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. அவள் மடியில் ஒரு நோட்டு இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பாக்கியநாதனுக்குத் தெரியும். போன வாரம் நாற்காலியில் உட்காரும்முன் காட்டியிருந்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு பக்கம். பெண்கள் மட்டும் தங்கும் பொதுவிடுதியில் கதவுக்குப் பக்கத்துக் கட்டில், கீழ்த்தட்டு. பணம் மூன்று இடத்தில்: ரவிக்கைக்குள் பர்ஸ், சாக்ஸ், பையின் அடித் துணிக்குக் கீழே. பாஸ்போர்ட் நகல் நான்கு. புளிக்காய்ச்சல் அரைக் கிலோ, பருப்புப்பொடி, விடுதி அடுப்பில் சோறு வடித்துக்கொள்ள ஒரு சிறிய பாத்திரம். கதவுக்கு அடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு. தினமும் இரவு ஏழு மணிக்கு ரெஜினாவுக்கு ஒரு செய்தி; வராவிட்டால் ரெஜினா யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வரிசையாக எண்கள்.

ஏன் அல்மாத்தி என்று அப்போது அவர் கேட்டிருந்தார். இருப்பதிலேயே சல்லிசான டிக்கெட் அதுதான் என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஊருக்குள்ள நின்னு பாத்தாலே பனிமலை தெரியுமாம், சார்" என்றாள். அம்மா பதினோரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து, போய் நாலு வருடம் ஆகிறதாம். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு இரவுகூட அவள் வீட்டைவிட்டு வெளியே தூங்கியதில்லை. அடுத்த வியாழக்கிழமை விமானம். டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது. ஒத்திகைச் சான்று கிடைக்காவிட்டால் முழுத் தொகைக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும்; அது அவள் சேர்த்து வைத்திருந்ததைவிட அதிகம். ஆக, இன்று இந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் பயணம். இல்லாவிட்டால் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான்.

பாக்கியநாதன் வாசித்தார். நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் ஒரே குரலில் வாசிப்பது அவர் வழக்கம்.

"உயிராபத்து, ஐநூறில் ஒன்றுமில்லை. திருட்டு, இரண்டு. டாக்சியில் ஏமாந்தது, இருபத்து மூன்று. வயிற்றுக் கோளாறு, பதினொன்று. பனியில் வழுக்கி விழுந்தது, நான்கு."

"நாலு தடவை விழுந்திருக்கியா?" என்றாள் ரெஜினா. "பாட்டா செருப்போட போகாதன்னு சொன்னேனா இல்லையா?"

"திரும்பி வந்தது" என்று அடுத்த வரிக்குப் போன பாக்கியநாதன் கொஞ்சம் தாமதித்தார். காலையிலேயே பார்த்துவிட்டார். "இருநூற்று எண்பத்து மூன்று. அத்தனை பேரும் ஆறாம் நாளுக்கு முன்பே திரும்பியிருக்கிறார்கள்."

செங்குட்டுவன் கைகொட்டினான். "நான் சொல்லல? வீட்டைவிட்டு அஞ்சு நாள் தாங்காது இவளால. பன்னெண்டு பக்கம் நோட்டு போட்டா ஆச்சா? அஞ்சாம் பக்கத்துலயே அழுதுகிட்டு வந்து நிக்கிறா."

"நான் எதுக்குடா அழுவேன்?" என்றாள் பூங்கோதை.

"மிச்சம்?" என்றாள் ரெஜினா. கடையில் பில் போடுகிறவள். கழித்தல் அவளுக்குத் தானாக வரும். "ஐநூறுல மிச்சம் எரநூத்திப் பதினேழு எங்க, சார்?"

"திரும்பவில்லை" என்று பாக்கியநாதன் வாசித்தார். "இருநூற்றுப் பதினேழு. பன்னிரண்டாம் நாள் விமான நிலையம் வரை வந்து, விமானத்தில் ஏறவில்லை."

ரெஜினா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"ஏறலன்னா?" செங்குட்டுவனின் கால் ஆடுவது நின்றிருந்தது.

"ஏறல. அங்கயே தங்கிட்டாங்க. திரும்பாதவங்க எண்ணிக்கை இருபதுக்கு மேல போனா பொறுப்பாளர் ரெண்டு பேரும் தனியா ஒரு சம்மதம் எழுதித் தரணும். திரும்பி வரலன்னா தேடுற செலவு, கூட்டிட்டு வர்ற செலவு உங்க தலையில விழும். சொல்ல வேண்டியது என் கடமை."

"அப்ப இதான் திட்டம்." அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "மலையாவது மண்ணாவது. யாரு இருக்கான் அங்க?"

"வாயை அலம்பு" என்றாள் ரெஜினா.

"நீங்க சும்மா இருங்கக்கா. நாலு வருஷமா தனி வீட்ல இருக்கா, போன்ல எவன்கூடப் பேசறாளோ யாருக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு ஊரு சிரிச்சா என் பொண்ணுக்கு எவன் வருவான்?"

பூங்கோதை கோபப்படவில்லை. அவள் முகத்தில் இருந்தது குழப்பம். லென்ஸை வெட்டி முடித்து, சட்டத்தில் பொருத்திப் பார்க்கும்போது அளவு தவறியிருந்தால் வருகிற குழப்பம்.

"எனக்கு அங்க யாரையும் தெரியாது, சார்" என்று பாக்கியநாதனிடம்தான் சொன்னாள். "கஜக் மொழியில நன்றிங்கற ஒரு வார்த்தைதான் தெரியும். அங்க இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? ஏன் ஏறலன்னு அது சொல்லாதா?"

"எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். காரணம் வேணும்னா ஒரு ஓட்டத்தை, அதாவது அந்த ஐநூறுல ஒரு தடவையை, திறந்து படிக்கணும். கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு."

"அப்ப தெறங்க" என்றாள் ரெஜினா.

அவருக்குத் திறக்கப் பிடிக்காது. எண்ணிக்கையை வாசிப்பது ஒன்று. உள்ளே ஒருத்தி சோறு வடிப்பதையும் செருப்பைத் தேடுவதையும் வரி வரியாகப் படிப்பது வேறு. அவை மனிதர்கள் இல்லை என்று சட்டம் சொல்லியிருந்தது. பாக்கியநாதனும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாசிப்பின் முடிவிலும் ஐநூறு படிகளை அழிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் வேறு எப்படி வைத்துக்கொள்வான்?

எண்பத்தெட்டாவது ஓட்டத்தைத் திறந்தார். திரும்பாத ஓட்டங்களில் ஒன்று. முதல் இரண்டு நாளும் நோட்டில் உள்ளபடியே போயின. ரப்பர் ஆப்பு செருகப்பட்டது. ஏழு மணிக்கு ரெஜினாவுக்குச் செய்தி போனது.

"மூன்றாம் நாள், காலை எட்டு மணி" என்று வாசித்தார். "பயணி விடுதியின் சமையலறையில் இருந்தார். தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர், அம்மா."

அவர் நிறுத்தினார். நிறுத்துவதற்கும் விதி இல்லை என்பதால் மேலே போனார்.

"பயணி எடுக்கவில்லை. மீண்டும் ஒலித்தது. பயணி எடுத்தார். அம்மா: சாப்பிட்டியா? பயணி பதில் சொல்லவில்லை. அம்மா: என்னடி, பேச மாட்டேங்கிற? அங்க குளிருதா? பயணி: குளிருது. அம்மா: காதைக் கட்டிக்க. ராத்திரி கதவை நல்லாப் பூட்டிக்க. பயணி: சரிம்மா."

"சார்" என்றாள் ரெஜினா மெதுவாக. "இவ அம்மா இப்ப உயிரோட இல்ல, சார். நானே தூக்கிட்டுப் போற வரைக்கும் கூட இருந்தேன்."

பாக்கியநாதன் குடும்ப விவரத்தைத் திறந்தார். குடும்ப அட்டையில் இருந்து இழுத்துக்கொண்ட பெயர்கள் ஆறு. மூன்றாவது, அ. வேதவல்லி, தாய். உயிருடன்.

"அட்டையில பேரு இருக்கும்மா. மெஷினுக்கு அட்டைதான் சாட்சி. வீட்ல அம்மா இருக்காங்கன்னு எடுத்துக்கிச்சு. உங்க போன்ல அவங்க அனுப்பின குரல் பதிவு முந்நூத்திச் சொச்சம் அழிக்காம இருக்கு. அதை வச்சு அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு கத்துக்கிச்சு. காலையில எட்டு மணிக்குக் கூப்பிடுவாங்களா?"

"கடையில இருக்கும்போது கூப்பிடுவாங்க. எட்டு மணிக்கு." பூங்கோதையின் குரல் எங்கிருந்தோ வந்தது. "படுத்த படுக்கையில கையில போன் மட்டும் இருக்கும். ஆனா அவளுக்குத் தெரியுமே சார், அம்மா இல்லன்னு. படிக்கு."

"உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் அதுக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன ஆச்சு? படிங்க."

படித்தார். அன்று பயணி வெளியே போகவில்லை. நான்காம் நாள் எட்டு மணிக்குப் போன் வந்தது. ஐந்தாம் நாளும் வந்தது. மலை பார்க்கப் போகும் பேருந்து ஒன்பது மணிக்கு, பயணி போகவில்லை. புளிக்காய்ச்சல் தீர்ந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு விமான நிலையம். விமானத்தில் ஏற அழைத்தார்கள். பயணி பெஞ்சிலிருந்து எழவில்லை. பக்கத்தில் இருந்த பெண் விமானத்தைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"பயணி சொன்னது" என்று பாக்கியநாதன் கடைசி வரியை வாசித்தார். "'காலையில எட்டு மணிக்கு போன் வரும்.'"

பூங்கோதை தலையாட்டினாள், யாரோ சரியான விடை சொன்னதுபோல. "வீட்டுக்கு வந்தா வீடு காலியாத்தான் இருக்கும்னு அவளுக்குத் தெரியும். வராத வரைக்கும் போன் வருமில்ல."

"அஞ்சு நாள்ல வந்தவங்க?" என்றாள் ரெஜினா.

வேறொன்றைத் திறந்தார். முதல் அழைப்பு முடிந்ததும் அவள் கைக்காசு அத்தனையும் போட்டு வேறு டிக்கெட் வாங்கியிருந்தாள். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரரிடம் மிச்சம்கூட வாங்கவில்லை. பயணி கதவைத் திறந்தார். ஓட்டம் முடிந்தது.

"உள்ள யாரு இருந்தா?" என்று கேட்டது செங்குட்டுவன்.

"கதவு தெறந்ததும் முடிஞ்சிடும், தம்பி. வீடு வந்து சேந்தாச்சுன்னு கணக்கு. அதுக்கு மேல ஓடாது."

"எல்லாமேவா?"

"எரநூத்தி எண்பத்து மூணும்."

ஐநூறு பூங்கோதைகளில் ஒருத்திகூட மலையைப் பார்க்கவில்லை. பாக்கியநாதன் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

ரெஜினாதான் அடுத்து வாயைத் திறந்தாள். "ஏன்டா, அட்டை உன்கிட்டதானே இருக்கு? பேரை எடுத்துட்டேன்னு அன்னிக்கே சொன்ன. நாலு வருஷமா செத்தவங்க பேருல சர்க்கரை வாங்கிட்டா இருக்க?"

"நான் கடைப்பக்கமே போகலக்கா." செங்குட்டுவன் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "போனேன், பேரை எடுக்க. மூணு தடவை போனேன். கவுன்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் தட்டிட்டு, நீக்கிடலாமா சார்னு கேட்டுச்சு. ஜெராக்ஸ் எடுக்க மறந்துட்டேன், எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கையிலதான் இருந்துச்சு ஜெராக்ஸு. மூணு தடவையும்."

பூங்கோதை தம்பியைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பாக்கியநாதன் எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"இங்கயே எடுக்க முடியுமா, சார்?"

"முடியும். இறப்புச் சான்று எண் போட்டு, அட்டையில இருக்கற யாராவது ஒருத்தர் கைரேகை வச்சா போதும். உடனே திருத்தி மறுபடி ஓட்டிடலாம். முக்கால் மணி நேரம் ஆகும்."

அவள் கைரேகைப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். செங்குட்டுவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வைக்கறேன். நான் வைக்க வேண்டியது."

சான்று எண் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. பாக்கியநாதன் தட்டினார். திரையில் கேள்வி வந்தது. அந்தக் கவுன்டர் பெண் கேட்ட அதே கேள்விதான். அவர் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. திரையை மட்டும் அவன் பக்கம் திருப்பினார். அவன் கட்டைவிரலை வைத்தான். வேர்வையில் ரேகை விழவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்தான். அட்டையில் பெயர்கள் ஐந்து ஆயின.

அந்த முக்கால் மணி நேரத்தில் ரெஜினா மட்டும் கீழே போய் டீ வாங்கி வந்தாள். குடித்தார்கள்.

புதிய அறிக்கையை அவர் பழைய குரலிலேயே வாசித்தார். திரும்பியது, ஐநூறு. விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் வந்தது, அதில் மூன்று. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தது, ஆறு. மலைக்குப் போனது, நானூற்று எழுபத்தெட்டு. சார்ஜரை விடுதியில் மறந்து வைத்தது, நாற்பத்தொன்று. விமான நிலைய டாக்சி வேண்டாம், அடிப்பாகம் வழுக்காத செருப்பு வேண்டும் என்று கடைசியில் இரண்டு அறிவுரை.

"நாப்பத்தோரு சார்ஜரு" என்றாள் ரெஜினா. "உன்ன நம்பி ஒரு ஊருக்கு அனுப்பறாங்க பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். செங்குட்டுவனும் போட்டான். தாளைப் படிக்கவில்லை.

பாக்கியநாதன் இன்னொரு தாளைப் பூங்கோதையின் பக்கம் நகர்த்தினார். "இது பழைய ஓட்டங்களை அழிக்கறதுக்கு. ரெண்டு ஒத்திகை ஒரே பேருல இருக்கக் கூடாது. போட்டதும் ஒரு மணி நேரத்துல அழிஞ்சிடும்."

அவள் பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"அந்த எரநூத்திப் பதினேழு பேரும் இப்ப எங்க இருக்காங்க?"

"பன்னெண்டாம் நாள் ராத்திரியோட நிறுத்தி வச்சிருக்கு."

"பெஞ்சுலயா?"

"இருக்காங்கன்னு சொல்ல முடியாதும்மா. அவங்களுக்கு நேரம் ஓடாது."

"அப்ப எட்டு மணி ஆகவே ஆகாது."

"ஆகாது."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழிச்சிடுங்க" என்றாள். "ராத்திரி முழுக்க எப்ப விடியும்னு உக்காந்திருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் உக்காந்தேன்." கையெழுத்துப் போட்டாள்.

பாக்கியநாதனுக்குச் சொல்ல வேண்டிய கடமை இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தார். "அழியற வரைக்கும் பயணியும் பொறுப்பாளரும் கேட்பறையில உக்காந்து ஓட்டத்தைக் கேக்கலாம். எழுத்துல இல்ல. குரலாவே கேக்கும். பேச முடியாது, கேக்க மட்டும்தான்."

"வேண்டாம், சார்." அவள் யோசிக்கவேயில்லை. "கேட்டா நான் ஒண்ணு போக மாட்டேன், இல்ல போனா வர மாட்டேன். அதான் ஐநூறு தடவை பாத்தாச்சே."

சான்றை நோட்டின் முதல் பக்கத்தில் செருகினாள். "கடைவீதி போயி செருப்பு பாக்கலாமா?" என்று ரெஜினாவிடம் கேட்டாள். தம்பியின் தோளில் கையை வைத்து, "நீ வண்டியில வந்தியா? சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். பெண்கள் இரண்டு பேரும் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது. ரெஜினா ஏதோ சொல்ல, பூங்கோதை சிரித்தாள். இந்த முறை சிரிப்பு உடனே நிற்கவில்லை.

பாக்கியநாதன் பதிவேட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் 'வேறு யாரும் இல்லை' என்ற வரி இருந்தது. அதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். அடித்ததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டார்.

நிமிர்ந்தபோது செங்குட்டுவன் இன்னும் நாற்காலியிலேயே இருந்தான்.

"நான் பொறுப்பாளர்தானே, சார்?"

"ஆமா."

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

பாக்கியநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "அம்பது நிமிஷம்."

"என் போன்ல அவங்க பேசினது ஒண்ணுகூட இல்ல. போனை மாத்தினப்ப போயிடுச்சு." அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், யாரையோ பார்க்கப் போகிறவன்போல. "என்னைப் பத்தி ஏதாவது கேக்கறாங்களான்னு மட்டும் பாக்கறேன்."

கேட்பறை கழிவறையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு ஸ்டூல், ஒரு காதுக்கருவி, ஒரு திரை. பாக்கியநாதன் அவன் கைப்பேசியை வாங்கி மேசையில் வைத்தார். நிறையப் பேச்சு இருக்கிற ஓட்டமாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"வெளியில பூட்டிக்குவேன். நடுவுல யாரும் உள்ள வரக் கூடாதுன்னு விதி. முடிஞ்சதும் நானே வந்து தெறப்பேன்."

"சரி, சார்."

செங்குட்டுவன் உட்கார்ந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டான். பாக்கியநாதன் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினார்.